பத்து டிகிரி

2024 பெப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, கண்டி மஹய்யாவயில் சுந்தரலிங்கத்தின் கராஜில் ஒரு வெள்ளை ஸ்டார்லட் காரின் எஞ்சின் திறக்கப்பட்டது.

கார் ஹபீலுடையது. அவருக்கு முப்பத்து நான்கு வயது. அக்குறணையில் பிளாஸ்டிக் வாளி, கதிரை, தண்ணீர்த் தாங்கி மொத்த வியாபாரம். ஜப்பானில் 1997இல் செய்யப்பட்ட அந்தச் சின்னக் காருக்குள் ஆறு வருடங்களாக ஒவ்வொன்றாக மாற்றியிருந்தார்: பெரிய டர்போ, பெரிய இன்ஜெக்டர்கள், காருடன் வந்த கம்ப்யூட்டருக்குப் பதிலாக வெளியே வாங்கிய இன்னொன்று. வெளித்தோற்றத்தில் எதையும் மாற்றவில்லை. சிக்னலில் பக்கத்தில் நிற்பவர்கள் அதை ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரின் கார் என்று நினைப்பார்கள். ஹபீலுக்கு அதுதான் பிடிக்கும்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்த கணக்கு வத்தளையில் இருக்கும் ரொஹானுடையது. எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றும்போது எவ்வளவு பெற்றோல் விட வேண்டும், எந்தக் கணத்தில் தீப்பொறி விழ வேண்டும் என்று மடிகணினியோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எழுதிக் கொடுப்பவர். அந்த வேலைக்கு ட்யூன் என்று பெயர். ரொஹான் கையைக் கழுவிவிட்டு வேலை செய்பவர், சுந்தரலிங்கம் வேலை செய்துவிட்டுக் கையைக் கழுவுபவர் என்று ஹபீல் இரண்டு பேரையும் சேர்த்துக் கேலி செய்வதுண்டு.

சுந்தரலிங்கத்துக்கு ஐம்பத்தாறு வயது. எல்லோருக்கும் அவர் பாஸ்தான், மெக்கானிக்கை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஹபீலின் காரில் தண்ணீர் குறைகிறது என்றதும் திறந்து பார்த்தார். எஞ்சினின் மேல்பாதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பாதியான பிளொக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட் தகடு ஓர் ஓரத்தில் அரித்திருந்தது. ஹெட்டை லேத்துக்கு அனுப்பினார். வளைவில்லை, வெட்டத் தேவையில்லை என்று அங்கே சொன்னார்கள். புதுக் கேஸ்கட், புது டைமிங் பெல்ட், தண்ணீர்ப் பம்ப், பிளக்குகள். கழற்றியதையெல்லாம் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்தபோது பழைய கறுப்பு முழுவதும் போய் அலுமினியம் வெளுத்தது.

கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுப்பது அவரது பழக்கம். திரும்பப் பூட்டும்போது அந்தப் படங்களை அவர் பார்ப்பதில்லை. கைக்குத் தெரியும்.

கடைசி வேலை டிஸ்ட்ரிபியூட்டர். நான்கு சிலிண்டருக்கும் முறைவைத்துத் தீப்பொறி அனுப்பும் பகுதி அது. ஒரு பக்கம் திருப்பினால் பொறி முந்தும், மறு பக்கம் திருப்பினால் பிந்தும். முந்தினால் இழுவை கூடும். அளவுக்கு மேல் முந்தினால் பிஸ்டன் மேலேறி வந்துகொண்டிருக்கும்போதே அதன் தலையில் வெடி விழும். ஒவ்வொரு சுற்றிலும் சுத்தியலால் அடிப்பது போல. சுந்தரலிங்கம் பொறி விழும் கணத்தைக் காட்டும் டைமிங் லைட்டைப் பிடித்து, கம்பெனி சொல்லும் பத்து டிகிரியில் வைத்து, போல்ட்டை இறுக்கினார். முப்பது வருடமாக எந்த ஸ்டார்லட்டையும் அவர் அங்கேதான் வைத்திருக்கிறார். ஒரே ஒரு காரைத் தவிர. அந்தக் காரின் முன்னால்தான் அவர் அப்போது நின்றுகொண்டிருந்தார். அது அவர் நினைவில் இல்லை.

நடந்தது 2022 ஜூனில். பெற்றோலுக்கு இரண்டு நாள், மூன்று நாள் வரிசையில் நின்ற காலம். 95 என்ற உயர்ந்த ரகம் கண்ணிலேயே இல்லை. கிடைத்தது 92, அதுவும் கேனில் வந்தால் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு பின்னேரம் சுந்தரலிங்கத்தின் மனைவி பேச்சியம்மாவுக்கு மூச்சு முட்டியது. மஹய்யாவயில் ஓடக்கூடிய ஒரு முச்சக்கரவண்டியும் இல்லை. ஹபீல் அக்குறணையிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போனார். தன் மனைவி பஸ்லினாவின் பிரசவத்துக்கென்று அவர் ஒதுக்கி வைத்திருந்த ஆறு லீற்றர் பெற்றோல் அன்று கரைந்தது. பேச்சியம்மா ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த வாரம் எண்ணெய் மாற்ற அந்தக் கார் கராஜுக்கு வந்தது. ஓட்டிப் பார்த்தபோது 92இல் அது உள்ளே தட்டுவது சுந்தரலிங்கத்துக்குக் கேட்டது. இந்தப் பெற்றோலில் இப்படியே ஓடினால் எஞ்சின் மூன்று மாதம் தாங்காது. டிஸ்ட்ரிபியூட்டரைப் பொறி ஏழு டிகிரி பிந்தும்படி திருப்பினார். திரும்ப எங்கே வைக்க வேண்டும் என்று தெரிவதற்காக ஹெட்டில் ஒன்று, டிஸ்ட்ரிபியூட்டரில் ஒன்று என்று, திருப்புமுன்பே நேருக்கு நேராக இரண்டு வெள்ளைக் கோடுகள் பெயின்ட்டில் இழுத்திருந்தார். ஹபீலிடம் சொல்லவில்லை. சொன்னால் செய்த உதவிக்குப் பதில் உதவி என்று ஆகிவிடும். இழுவை குறைந்ததைப் பற்றியும் பேச்சு வரும். 95 திரும்ப வந்ததும் ஒரு நிமிட வேலைதான் என்று விட்டுவிட்டார்.

95 வந்தது. கார் சோம்பிக் கிடப்பதாக ஹபீலுக்குப் பட்டது. 2023 ஓகஸ்ட்டில் பாஸிடம் கேட்காமல் நேரே வத்தளைக்குக் கொண்டு போனார். ட்யூன் செய்யத் தொடங்குமுன் டைமிங் லைட்டைப் பிடித்து அடி அளவு எங்கே இருக்கிறது என்று பார்ப்பது ரொஹானின் வழக்கம். அது பாஸ் வைத்தது, அதில் கை வைக்க வேண்டாம் என்று ஹபீல் சொன்னார். ரொஹானும் சுந்தரலிங்கத்தின் வேலையை அறிந்தவர். லைட்டை எடுக்கவில்லை. கம்ப்யூட்டரில் பொறியைக் கொஞ்சம் கொஞ்சமாக முந்தவைத்துக்கொண்டே போனார். ஏழு டிகிரி கூட்டியதும் எஞ்சின் விழித்தது.

டிஸ்ட்ரிபியூட்டர் ஏழு பிந்தியும் கம்ப்யூட்டர் ஏழு முந்தியும் இருந்ததால் கார் சரியாக ஓடியது. தன்னிடம் கேட்காமல் போனதில் சுந்தரலிங்கத்துக்குச் சின்ன மனத்தாங்கல் இருந்தது. அங்கே என்ன மாற்றினார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை. பாதிக் கணக்கு மஹய்யாவயிலும் பாதிக் கணக்கு வத்தளையிலும் இருந்தன.

22ஆம் திகதி வியாழக்கிழமை மூன்று மணியளவில் ஹபீல் காரை எடுக்க வந்தார். மறுநாள் போயா விடுமுறை, தொடர்ந்து சனி, ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை கார்ப் பிரியர்கள் ஒன்பது பேர் ஒன்பது காரில் நுவரெலியா போவதாக ஏற்பாடு. பஸ்லினாவும் பிள்ளையும் வருகிறார்கள். எஞ்சினைத் திறந்தாயிற்று, இனி ரொஹானிடம் ஒருமுறை கொண்டு போக வேண்டுமா என்பதுதான் ஹபீலின் கேள்வி. ரொஹானுக்குச் செவ்வாய்க்கிழமைக்கு முன் நேரமில்லை.

"ட்யூன் பண்ணோணும்னா சொல்லுங்க பாஸ். நாங்க வேன்ல பெய்த்து வாரம். எனக்கு அவசரமில்ல."

உண்மையிலேயே அவருக்கு அவசரமில்லை. பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவதால் சந்தேகத்தோடு போக விருப்பமில்லை என்றும் சொன்னார்.

சுந்தரலிங்கம் ரொஹானை அழைத்து, ஹபீலும் கேட்கும்படி போனைப் பொனட்டின் மேல் வைத்தார். எதற்கு ட்யூன் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதற்கு ரொஹானிடம் ஒரு விதி உண்டு. எஞ்சினுக்குள் போகும் காற்று, பெற்றோல், உள்ளே ஏறும் அழுத்தம், பொறி விழும் நேரம், இவற்றில் ஒன்று மாறினாலும் வேண்டும். எண்ணெய், பிளக், பெல்ட், கேஸ்கட் எல்லாம் அதே இனத்தில் போட்டால் வேண்டாம். அந்த ஒழுங்கில் ஒவ்வொன்றாகக் கேட்டார். இன்ஜெக்டரைத் தொட்டீர்களா, டர்போவின் அழுத்தத்தைக் கூட்டினீர்களா, ஹெட்டை வெட்டினார்களா, கேஸ்கட்டின் தடிப்பு அதேதானா. சுந்தரலிங்கம் எல்லாவற்றுக்கும் சரியான பதில் சொன்னார். நல்ல பெற்றோல்தானா என்று கேட்டபோது, 95 தவிர வேறெதுவும் அடிப்பதில்லை என்று ஹபீல் குனிந்து போனுக்குள் சொன்னார்.

"டைமிங் எங்க வச்சீங்க அண்ணே?"

"கம்பெனி அளவு. பத்து."

"அப்ப பழையபடிதான். ஒண்ணும் மாறல. ட்யூன் வேணாம், தாராளமா ஓட்டச் சொல்லுங்க."

பழையபடி என்ற சொல் சுந்தரலிங்கத்துக்குள் எங்கேயோ தட்டியது. எதையோ இறுக்க மறந்துவிட்டோம் என்று நினைத்தார். ஸ்பானரை எடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட், பெல்ட் மூடி, தண்ணீர்க் குழாய்க் கிளிப்புகள் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். எல்லாம் இறுக்கமாக இருந்தன. கையைத் துடைத்துக்கொண்டு, வாங்க போவோம் என்றார்.

கண்டியில் ஒரு காரை மிதித்துப் பார்க்க இடமில்லை. குண்டசாலைப் பக்கம் கொஞ்சம் நேரான பாதை உண்டு. காற்று குளிர்ந்திருந்தது. ஹபீல் இரண்டாம் கியரில் மிதித்தார், மூன்றாம் கியரில் மிதித்தார். கார் இரண்டு பேரையும் இருக்கையோடு பின்னால் தள்ளியது.

"முந்தியெ விட நல்லா ஈக்கி பாஸ்," என்றார் ஹபீல். "ரொஹானுக்கு லெப்டொப்ப எடுத்துட்டா பிளக் கழட்டவும் தெரியா. பாஸ்ட கை பட்டதுதான் இது."

கேஸ்கட் மாற்றிய எஞ்சின் முன்பு ஓடியது போல ஓடலாம். முன்பைவிட நன்றாக ஓடுவதற்குக் காரணம் வேண்டும். வேறு யாருடைய கார் என்றாலும் சுந்தரலிங்கம் அங்கேயே நிறுத்தச் சொல்லிப் பொனட்டைத் திறந்திருப்பார். இப்போது அவருக்குக் காரணம் தானாகக் கிடைத்தது: கேஸ்கட் நாம் நினைத்ததைவிடக் கூடுதல் நாளாகவே கசிந்திருக்கிறது.

திரும்பி வரும் வழியில், ஒரு நீண்ட மதிலை ஒட்டி ஏறும்போது, திறந்திருந்த யன்னல் வழியே ஒரு சத்தம் கேட்டது. தகர டின்னுக்குள் நாலு சிறு கல் குலுங்குவது போல. உடனே நின்றுவிட்டது. சுந்தரலிங்கம் காரைத் திருப்பச் சொல்லி அதே மதிலைக் கடக்கச் சொன்னார். இந்தத் தடவை ஹபீல் மிதிக்கவில்லை. சத்தமும் இல்லை. டயர் வெட்டுக்குள் கல் ஏறியிருக்கும் என்று ஹபீல் சொன்னார். அப்படியும் இருக்கலாம் என்று இவரும் சொன்னார். அன்று பின்னேரமே பாஸின் கையைப் பற்றி ஹபீல் தன் கூட்டாளிகளின் வட்ஸ்அப் குழுவில் எழுதினார். சனிக்கிழமை இரண்டு பேர் புதிதாகக் கராஜுக்குப் போன் செய்தார்கள்.

25ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு அந்த இருவரில் ஒருவர் மனைவியோடு தன் ஸ்டார்லட்டைக் கொண்டுவந்தார். ஒரு ரப்பர் குழாய் எந்த வழியாகப் போக வேண்டும் என்று அவருக்குக் காட்ட, சுந்தரலிங்கம் போனில் ஹபீலின் காருடைய படங்களைத் திறந்தார். மூன்றாவது படத்தில் நின்றுவிட்டார். அதை விரலால் விரித்துப் பெரிதாக்கினார்.

எண்ணெய்க் கறுப்புக்கு நடுவில் இரண்டு வெள்ளைக் கோடுகள் இருந்தன, மண்ணெண்ணெயில் கறுப்போடு சேர்ந்து போன கோடுகள். ஒன்று ஹெட்டில், ஒன்று டிஸ்ட்ரிபியூட்டரில். நடுவே ஒரு நெருப்புக்குச்சியின் தடிப்பளவு இடைவெளி.

ஒரு நிமிடம் கழித்து அவர் ஹபீலை அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தார். பிறகு ரொஹானை அழைத்தார். ரொஹான் பூசையில் இருந்தார். இரண்டாம் தடவை கோயிலுக்கு வெளியே வந்து எடுத்தார். சுந்தரலிங்கம் வந்தவர்களிடமிருந்து தள்ளிப்போய், சுவர்ப் பக்கம் திரும்பி, 2022இல் தான் செய்ததைச் சொன்னார். 

"எத்தன டிகிரி அண்ணே?"

"ஏழு."

"நானும் ஏழு கூடக் குடுத்திருக்கேன். இந்த எஞ்சினுக்கு ஏன் இவ்வளவு வேணும்னு அன்னைக்கே நெனச்சேன். நீங்க வச்சதுன்னு லைட் பிடிக்காம விட்டுட்டேன்." பிறகு, "இப்ப நீங்க பத்துக்கே கொண்டுவந்துட்டீங்க, என் ஏழும் மேல நிக்குது. அவர் எங்க?"

நுவரெலியா போகிறார்கள் என்றார் சுந்தரலிங்கம். நேரான பாதையில் நாலு நிமிடம் ஓடியதைத் தாங்கியிருக்கும், மலையேற்றத்தில் ஆளை ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் வெந்துகொண்டு போய் மிதித்தால் தாங்காது என்று ரொஹான் சொன்னார். தட்டுச் சத்தத்தைக் கேட்டுப் பொறியைத் தானாகப் பின்தள்ளும் ஏற்பாடு பழைய கம்ப்யூட்டரில் இருந்தது, இதில் இல்லை.

"நிப்பாட்டச் சொல்லுங்க அண்ணே. மெதுவா போகச் சொல்லாதீங்க, நிப்பாட்டச் சொல்லுங்க."

பஸ்லினாவின் இலக்கத்தை ஹபீலின் அக்குறணைக் கடையில் கேட்டு வாங்கியபோது எட்டு இருபது. முதல் மணியிலேயே அவள் எடுத்தாள். பிள்ளை குமட்டிச் சத்தி எடுத்ததால் அதை வைத்துக்கொண்டு பின் இருக்கையில் இருப்பதாகவும், புசல்லாவை டவுனைத் தாண்டிக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள். எஞ்சின் சத்தமும் வேறு கார்களின் ஹோன் சத்தமும் கேட்டன. சுந்தரலிங்கத்திடம் வாக்கியம் தயாராக இருந்தது: நான் பிழை விட்டுட்டேன், உடனே நிப்பாட்டுங்க. கராஜ் வாசலில் புது வாடிக்கையாளரும் மனைவியும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒரு சின்ன செட்டிங் பாக்க இருக்கு தங்கச்சி," என்றார். "கொஞ்சம் மெதுவா போகச் சொல்லுங்க. ரொம்ப மிதிக்க வேணாம்."

அவள் அதை முன்னால் சொன்னது கேட்டது. ஹபீல் சிரித்துக்கொண்டே உரக்கப் பேசியதும் கேட்டது.

"மெதுவா போக இது கேக்குதில்லண்டு பாஸ்கிட்ட சொல்லு. அவர்ட வேலைதான்."

பஸ்லினா சிரித்தாள். சுந்தரலிங்கமும் சிரித்தார். அப்படிச் சிரித்ததை அவர் பிறகு பொலிஸில் தானாகவே சொன்னார். சரி, வந்து பார்ப்போம் என்று போனை வைத்தார்.

இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அழைத்தார். யாரோ அழைப்பைத் துண்டித்தார்கள். நாலு தடவை அழைத்தார், நாலு தடவையும் துண்டிக்கப்பட்டது. போன் பிள்ளையின் கையில் இருந்தது.

எட்டு முப்பத்தைந்துக்கு, புசல்லாவைக்கு அப்பால் றம்பொடைப் பக்கம் ஏறும் பாதையில், நுவரெலியா பஸ் ஒன்றை ஹபீல் முந்த எடுத்தார். முன்னே போன இரண்டு கார்கள் அந்த பஸ்ஸை முந்திப் போயிருந்தன. பஸ்ஸின் நடுப்பகுதிக்கு வந்தபோது உள்ளே தகரம் கிழிவது போல ஒரு சத்தம் வந்ததாக பஸ்லினா பொலிஸில் சொன்னாள். கார் உந்துவது நின்றது. முன் சக்கரங்கள் இறுகின. பஸ் சாரதி இடம் விடுவதற்காக வலுவாகப் பிரேக் போட்டார். மேலிருந்து தேயிலைக் கொழுந்து ஏற்றி வந்த லொறியும் பிரேக் போட்டது. லொறியின் முன்பக்கம் காரின் சாரதிப் பக்கக் கதவில் மோதியது. பஸ்லினாவின் நெற்றியில் மூன்று தையல். பிள்ளைக்குக் காயமில்லை. ஹபீலை வெளியே எடுக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது.

காரைப் பரிசோதித்த அதிகாரி பிரேக், ஸ்டியரிங், டயர்கள் எல்லாம் நல்ல நிலையில் இருந்ததாக எழுதினார். எஞ்சினைப் பற்றி எழுதியது ஒரு வரி: மூன்றாம் சிலிண்டரின் பிஸ்டன் உடைந்து இறுகியுள்ளது. டைமிங் எங்கே இருந்தது என்று யாரும் அளக்கவில்லை.

புதன்கிழமை சுந்தரலிங்கம் பொலிஸுக்குப் போய், யாரும் கூப்பிடாமல், வாக்குமூலம் கொடுத்தார். அவர் சிங்களத்தில் சொன்னதை ஒரு பக்கத்துக்குள் எழுதி, போனில் இருந்த படத்தையும் வாங்கிக்கொண்டார்கள். அங்கிருந்து கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். வார்டுக்கு வெளியே ஒரு வாங்கில் பஸ்லினா உட்கார்ந்திருந்தாள். 2022 ஜூனிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளைக் கோட்டைப் பற்றி, வத்தளையைப் பற்றி, படத்தைப் பற்றி.  முடிந்த பிறகு அவள் கேட்டாள்.

"போன் எடுத்த நேரம் இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் மெதுவா போகச் சொன்ன?"

 அவள் எழுந்து வார்டுக்குள் போனாள். அவர் பார்வையாளர் நேரம் முடியும்வரை அந்த வாங்கிலேயே இருந்தார்.

மார்ச் 2, சனிக்கிழமை, ஹபீலின் வலது கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது.